படம் காட்டுகிற அளவுக்கே பெயர்

போன வாரம் அம்பாசமுத்திரத்துப் பக்கம் கத்தரி வைத்திருக்கும் என் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "இது நல்ல பூச்சின்னு போன் சொல்லுதுடே, அப்படியே விட்டுரட்டுமா?" என்று கேட்டிருந்தார். ஏதோ ஒரு செயலி அதைப் பொறிவண்டு என்று சொல்லி, பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவும் என்ற விளக்கத்தையும் கொடுத்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். இதன் முதுகோ மங்கலாக, பூனைமயிர் படர்ந்ததாக இருந்தது. அது உட்கார்ந்திருந்த இலையில் பச்சையம் சுரண்டப்பட்டு, நரம்புகள் மட்டும் சல்லடையாக மிஞ்சியிருந்தன. இலை தின்னும் எபிலாக்னா வண்டு அது. அதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான் என்பதால் செயலி சொன்ன பெயரை முழுப் பிழையென்று தள்ள முடியாது. குடும்பத்தோடு நிறுத்தாமல் குணத்தையும் சேர்த்துச் சொன்னதில்தான் கேடு வந்தது.

இணையத்தில் படம் பார்த்துப் பூச்சிகளுக்குப் பெயர் சொல்லும் நண்பர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: படம் எதுவரை காட்டுகிறதோ அதுவரை மட்டும் சொல்லுங்கள், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சிறு ஈக்களில் பலவற்றை நுண்ணோக்கியில் வைக்காமல் சிற்றினம் பிரிக்க இயலாது. அங்கே பேரினத்தோடு நிற்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. உயிரினப் படங்களைப் பதிந்து பலரும் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு 'ஆய்வுத் தரம்' பெற வழியுண்டு. அந்த ஒப்புதலை, படத்தைச் சரியாகப் பார்க்காமலே வழிமொழிந்து கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. நாளை ஒருவர் களக்காட்டு மலைப் பூச்சிகளைக் கணக்கெடுக்க உட்கார்ந்தால், அந்தப் பிழையும் சான்றாக அவர் கைக்குப் போய்ச் சேரும்.

படம் எடுப்பவர்களும் மேலிருந்து ஒன்று எடுத்ததோடு விட்டுவிடக் கூடாது. மாமரத்தில் முசுறு என்னும் செவ்வெறும்புகளுக்கு நடுவே அச்சு அசலாக முசுறு போலவே திரியும் சிலந்தி ஒன்று உண்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோல் தூக்கிக்கொள்வதால், மேலிருந்து எண்ணினால் ஆறு கால்தான் தேறும். பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் எடுத்த படத்தில்தான், அந்தக் 'கொம்பு' தலையிலிருந்து முளைக்காமல் மார்புக்குக் கீழிருந்து வருவதும், முன்னோக்கி விழித்த பெரிய இரண்டு கண்களும் தெரியவரும். 2018இல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தைப் படாதபாடு படுத்தும் படைப்புழுவுக்கும் இப்படித்தான்: தலையில் கவிழ்த்துப் போட்ட 'ஒய்' எழுத்தும், வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகளும் ஒருசேரத் தெரிந்தால்தான் துணிந்து சொல்லலாம்.

சித்தப்பாவிடம் இலையின் அடிப்புறத்தைப் படமெடுக்கச் சொல்லியிருந்தேன். நேற்று மாலை அனுப்பினார். மஞ்சள் நிறத்தில் உடம்பெல்லாம் முள்ளாக இரண்டு புழுக்கள், பக்கத்தில் நெருக்கமாக நிறுத்திவைத்த மஞ்சள் முட்டைகள். ஓரத்தில், அளவு தெரிவதற்காக, அவருடைய கட்டைவிரல் நகம்.