மலாக்காவில் கடல் எங்கே?

கோலாலம்பூர் போகும் நம்மூர்க்காரர்கள் பலர் பழைய துறைமுக நகரமான மலாக்காவுக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். சிவப்புக் கட்டடங்கள் முன்னால் போட்டோ, பொம்மையும் பாட்டுமாக வரும் டிரைஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு சுற்று, கோட்டை வாசல், செண்டோல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பு, திரும்ப பஸ். இந்தப் பட்டியலில் செண்டோலுக்கு மட்டும்தான் என் ஓட்டு. அந்தத் தென்னங்கருப்பட்டிப் பாகுக்காகவே இன்னொரு கிண்ணம் கேட்கலாம்.

கோட்டையில் பார்க்க அதிகமில்லை. 1511இல் ஊரைப் பிடித்த போர்ச்சுகீசியர் கட்டியது. 1641இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. 1807இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சியது போர்ட்டா டி சந்தியாகோ என்ற ஒற்றை வாசல். ஒரு காலத்தில் கடல் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது எதிரே ஷாப்பிங் மால்! கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கிவிட்டதால், துறைமுக நகரம் பார்க்க வந்தவர் செயின்ட் பால் குன்றில் ஏறித்தான் தண்ணீரைத் தேட வேண்டியிருக்கிறது.

துறைமுகம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் ஆற்றைத் தாண்டி ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குப் போங்கள். டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில். நாலு எட்டு வைத்தால் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதன் மினாரைப் பார்த்தால் சீனக் கோபுரம் என்றே நினைப்பீர்கள். அப்புறம் செங் ஹூன் தெங் சீனக் கோயில். இவற்றைக் கட்ட வைத்தது பீரங்கி அல்ல, பருவக்காற்று. ஒரு காற்றில் வந்த கப்பல், திரும்பிப் போக எதிர்த்திசையில் காற்று வீசும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்தவர்களைக் கவனிக்கவே, போர்ச்சுகீசியருக்கு முந்தைய சுல்தான் காலத்தில் ஷாபந்தர்கள் என்ற துறைமுக அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள். காத்திருந்தவர்களில் சிலர் அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள்.

அப்படி வந்த வம்சம்தான் மலாக்கா செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா என்ற மலாய்ப் பாணிக் கைலியும் மேல்சட்டையும். போகியன்று முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள், பேர் ‘போகி பார்ச்சு’. காஜா பெராங் பகுதியில் இவர்கள் கிராமமும் சின்ன அருங்காட்சியகமும் இருக்கின்றன. டூர் பஸ் அந்தப் பக்கம் திரும்புவதே அபூர்வம். நம்மூர்க் குழுக்களையாவது அங்கே கூட்டிப்போகக் கூடாதா?

நேரம் போதாதென்றால் டிரைஷாவை விட்டுவிடலாம். குழந்தைகள் கூட வந்தால், சரி, அது நடக்காது.