வெறும் எடிட்டராம்!

காமிக்ஸில் வரும் முகமூடி வீரர் மாயாவியின் (ஆங்கிலத்தில் ஃபாண்டம்) வரலாறு என்று இரண்டு நாளாகச் சுற்றும் அந்த நீளப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உல்ஃப் கிரான்பெர்க் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. கேட்டதற்குப் பதில்: “அவர் வெறும் எடிட்டர்தானே சார்!” கூடவே நாலு சிரிப்புப் பொம்மை.

வெறும் எடிட்டர்! 1972 முதல் 2012 வரை ஸ்வீடனின் மாயாவி படக்கதை இதழான ‘ஃபாண்டோமென்’னை நடத்தியவர் ஐயா அவர்.

லீ ஃபாக்கைக் குறைத்துப் பேசுகிறேனா? 1936இல் மாயாவியைப் படைத்தவர் அவர்தான், அதில் என்ன சண்டை? ஆனால் அவர் செய்தித்தாளுக்கு எழுதிய தொடர் ஸ்வீடன் இதழுக்குப் போதவில்லை. 1963லேயே அங்கே சொந்தமாகக் கதை பண்ணத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பெரிய பட்டறையாக வளர்த்தவர் இந்த ‘வெறும்’ எடிட்டர். எழுத இங்கிலாந்தின் டான் அவெனெல், நார்மன் வொர்க்கர். வரைய பின்லாந்தின் கரி லெப்பானென், ஜெர்மனியின் ஹைனர் பாடே. இப்படி ஊருக்கு ஒருவர். கதைப்படி அப்பாவுக்குப் பின் மகன் என்று முகமூடி கைமாறி, இன்றைய மாயாவி 21ஆவது தலைமுறை அல்லவா? அவருடைய முன்னோர் கதைகள் தனி வகையாகவே செழித்தது அங்கேதான். ஆஸ்திரேலியாவின் ஃப்ரூ என்ற காமிக்ஸ் பதிப்பகம் அந்தக் கதைகளை வாங்கி ஆங்கிலத்தில் போட்டது. இங்கிலீஷில் படிக்கிற ஆஸ்திரேலியாக்காரனே ஸ்வீடன் கதை படிக்கிறான், நம்மாட்களுக்கு ‘ஒரிஜினல்’ மட்டும்தான் இறங்குமாம்.

“அந்தக் கதைகள் ஒட்டவில்லை” என்கிறீர்களா? சரி, ரசனை. சிலது எனக்கும் இழுவைதான். “சம்பளத்துக்குச் செய்த வேலைதானே?” ஃபாக் மட்டும் தர்மத்துக்கா எழுதினார்?

நானும் கொஞ்ச காலம் ஒரு பத்திரிகைக்குப் படக்கதை மொழிபெயர்த்தவன். வசனம் எழுதும் பலூன் சின்னது, வசனம் பெரியது. ராத்திரியெல்லாம் வெட்டிச் சுருக்க வேண்டும். மலையிலிருந்து விழும் வில்லன் எப்படி அலறுவான் என்று கேட்க மனைவியை எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். புத்தகம் வந்தது. அச்சகத்தின் பெயர் இருந்தது, பைண்டிங் செய்தவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. கேட்டேன். “இதுக்கெல்லாமா சார் பேர் போடுவாங்க?”

“இவன் சொந்தக் கதையை நுழைக்கிறான்” என்று கிளம்புவீர்கள். நுழைக்கத்தான் செய்வேன். எடிட்டர் வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், எழுத்துப் பொறித்தவர் வேண்டாம், கதை மட்டும் தானாகக் காட்டிலிருந்து குதிரையேறி உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அப்படித்தானே? ஒரு பெயர் போட அரை வரி போதும். அந்த அரை வரிகூட மனசு வராதவர்கள் வரலாறு எழுத வருகிறார்கள்.

அன்ஃப்ரெண்ட் பண்ணுகிறவர்கள் தாராளமாகப் பண்ணலாம். பட்டியல் கொஞ்சம் இளைத்தால் நல்லதுதான்.