எல்ட்ரிட்ஜ் அன்று பிலடெல்பியாவில் இல்லை

அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். எத்தனை பேர் அனுப்பிவிட்டீர்கள்! 1943 அக்டோபர் 28, பிலடெல்பியா கடற்படைத் தளம், பச்சைப் புகை, அமெரிக்காவின் எல்ட்ரிட்ஜ் போர்க்கப்பல் மறைந்து நார்போக் துறைமுகத்தில் தோன்றித் திரும்புகிறதாம். "நிரூபிக்கப்பட்ட உண்மை" என்று தலைப்பு வேறு.

எல்ட்ரிட்ஜ் அன்று பிலடெல்பியாவிலேயே இல்லை. ஆகஸ்ட் 27-ல் நியூயார்க்கில் பணியில் சேர்ந்த கப்பல் அது. செப்டம்பரில் பயிற்சிக்காகப் பெர்முடா போனது. அக்டோபர் 18-ல் நியூயார்க் திரும்பி, நவம்பர் 1 வரை அங்கேயே நின்றது. நார்போக்கைத் தொட்டது நவம்பர் 2-ல். மறுநாளே கான்வாய்க்கு, அதாவது கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களுக்கு, காவலாக மொராக்கோவின் காசாபிளாங்கா புறப்பட்டுவிட்டது.

"கப்பலின் பதிவேட்டையே மாற்றியிருப்பார்கள்" என்பீர்கள். சரி, எல்ட்ரிட்ஜைக் கண்ணால் பார்த்ததாகக் கதையில் வரும் ஆண்ட்ரூ ஃபுருசெத் சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அது அக்டோபர் 25-லேயே நார்போக்கை விட்டுக் கிளம்பி, நவம்பர் 12-ல் அல்ஜீரியாவின் ஓரான் சேர்ந்தது. 28-ம் தேதி அது கடலில். அப்படி எதையும் பார்க்கவில்லை என்று அதன் கேப்டனே எழுதிக்கொடுத்தார். இரண்டு கப்பல், பல துறைமுகங்கள், இரண்டு கான்வாய். அத்தனை பதிவுகளையும் யார் உட்கார்ந்து திருத்தியது?

கப்பலில் கேபிள் சுற்றினார்களே என்கிறீர்கள். சுற்றினார்கள்! அதற்குப் பெயர் டீகாஸிங்: கப்பலின் காந்தப்புலத்தைச் சுருள்களின் எதிர்ப்புலத்தால் குறைப்பது. இரும்புக் கப்பல் கட்டப்படும்போதே பூமியின் காந்தப்புலம் அதில் ஏறிவிடும். கடலில் ஜெர்மானியர் போட்டு வைத்த காந்தக் கண்ணிவெடிகள் அதை உணர்ந்துதான் வெடித்தன. அதனால் கப்பலின் உடலைச் சுற்றிக் கிடைமட்டமாக ஒரு பெரிய சுருள், முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் தனிச் சுருள்கள், அவற்றில் நேர்மின்னோட்டம். கடலடியில் காந்தமானிகள் பதித்த பாதையின் மேல் கப்பலை ஓட்டி அளந்து, மின்னோட்டத்தைச் சரிசெய்வார்கள். ஒரு சுருளைத் தலைகீழாக இணைத்துவிட்டால் புலம் குறையாது, கூடும். கப்பல் திசை திரும்பினாலும், வேறு அட்சரேகைக்குப் போனாலும் மறுபடி சரிசெய்ய வேண்டும். திசைகாட்டியும் பிறழும், அதற்குத் தனியாக ஈடுகட்டும் சுருள். இவ்வளவு பாடும் கண்ணிவெடியின் உணரியிடமிருந்து தப்பத்தான். காந்தப்புலம் காற்றில் ஒளியை வளைத்துக் கப்பலை மறைக்காது. எத்தனை ஆயிரம் ஆம்பியர் ஏற்றினாலும் மறைக்காது.

"ஐன்ஸ்டைன் கடற்படையில் இருந்தாரே?" ஆலோசகராக இருந்தார், வெடிபொருள் ஆய்வில். கப்பலை மறைத்ததாகச் சொல்லப்படும் ஒருங்கிணைந்த புலக் கோட்பாட்டை, அதாவது ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒன்றாக விளக்கும் கோட்பாட்டை, அவர் சாகும்வரை முடிக்கவில்லை. முடிவு பெறாத கோட்பாட்டை வைத்து 1943-ல் கப்பலை எப்படி அனுப்புவது?

கதை எங்கிருந்து வந்தது? கார்ல் ஆலன் என்பவர், கார்லோஸ் அயெந்தே என்ற பெயரில், பறக்கும் தட்டுகள் பற்றி எழுதிய மோரிஸ் ஜெஸ்ஸப்புக்கு 1950களில் எழுதிய கடிதங்களிலிருந்து. வீடியோவில் சோதனை நடத்தியதாகக் காட்டும் கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் தொடங்கியதே 1946-ல்தான்.

எனக்கு வலிப்பது வேறு. மாலுமிகள் இரும்புத் தளத்தில் உருகி ஒட்டினார்கள், பைத்தியம் பிடித்தது என்று பின்னணி இசையோடு காட்டுகிறீர்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் நிஜ மனிதர்கள். நீர்மூழ்கிகள் திரிந்த அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களைக் காவல் காத்துக் கரை சேர்த்தவர்கள். அவர்களில் சிலர் 1999-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடியபோது, எங்கள் கப்பல் பிலடெல்பியாவில் நின்றதே இல்லை என்றார்கள். அவர்களைக் கேட்க யாருக்கும் மனமில்லை. 1951-ல் கிரேக்கத்துக்குப் போன அதே கப்பல் 'லியோன்' என்ற பெயரில் 1990கள் வரை ஓடியது. அதன் தளத்தில் நடந்த கிரேக்க மாலுமிகள் எத்தனை பேர்! எந்த எஃகிலும் எந்தக் கையும் ஒட்டியிருக்கவில்லை.

இனி அந்த வீடியோவை என் பதிவுகளின் கீழே ஒட்டாதீர்கள். ஏற்கெனவே பகிர்ந்தவர்கள் நீக்கிவிடுங்கள்.