முடிக்க மாட்டீர்னா எதுக்குவே ஆரம்பிக்கீரு?

செங்கோட்டையிலிருந்து புனலூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறினதுமே போனில் சிக்னல் செத்துவிடும். தென்மலை வரைக்கும் வரும், போகும். அதனால் ராத்திரியே வீட்டு வைஃபையில் இரண்டு எபிசோடு டவுன்லோடு செய்து வைத்துக்கொள்வேன். ஜன்னல் சீட்டு, காதில் இயர்போன், வெளியே சாரல். இந்த ஒரு சுகத்துக்காகத்தான் மாதாமாதம் ஓடிடிக்குச் சந்தா கட்டி அழுகிறேன்.

நெட்ஃபிளிக்ஸில் வந்த '1899' தொடரை அப்படித்தான் பார்த்தேன். 2022 நவம்பர் 17 அன்று எட்டு எபிசோடும் ஒன்றாக வந்தன. நான் டிசம்பரில்தான் தொட்டேன். அமெரிக்காவுக்குப் போகிற கப்பல், ஆளுக்கொரு பாஷை பேசுகிற பயணிகள். (எங்கள் பஸ்ஸும் அப்படித்தான். முன் சீட்டில் மலையாளம், பின் சீட்டில் தமிழ், கண்டக்டர் பேசுவது இரண்டும் கலந்த இன்னொன்று.) கடைசி எபிசோடின் கடைசி நிமிடத்தில் கதாநாயகி கண் விழிக்கிறாள். கடலும் இல்லை, கப்பலும் இல்லை. அவள் இருப்பது ஒரு விண்கலத்தில், ஆண்டு 2099. அத்தோடு முடிந்தது. பஸ் அப்போது கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. "ஏ யப்பா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுச் சேச்சி பர்ஸ் ஏதும் தொலைந்ததா என்று கேட்டார்.

2023 ஜனவரி 2 அன்று, தொடர் இனி வராது என்று எடுத்தவர்களே அறிவித்தார்கள். வெளியாகி 46 நாள். எங்கள் ஊரில் கல்யாண ஆல்பம் கைக்கு வரவே மூன்று மாதம் ஆகும். மூன்று சீசனாக யோசித்து வைத்த கதைக்கு 46 நாள்தான் ஆயுளா? இத்தனைக்கும் அதே ஆட்கள் 'டார்க்' என்று ஒன்றை எடுத்து, 26 எபிசோடு நூலைச் சிக்கலாக்கி, 2020இல் ஒரு முடிச்சு விடாமல் அவிழ்த்துக் காட்டியவர்கள். முடிக்கத் தெரிந்தவனுக்கே இந்தக் கதி.

சரி, இது ஒன்றுதானா? 'தி ஓஏ' தொடருக்கு ஐந்து சீசன் திட்டம், இரண்டோடு 2019இல் வெட்டு. 'தி பெரிஃபெரல்' இன்னும் மோசம். இரண்டாம் சீசன் உண்டு என்று 2023 பிப்ரவரியில் சொன்னார்கள், ஆகஸ்டில் இல்லை என்றார்கள். நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணம் நின்ற வீடு மாதிரி ஆகிவிட்டது. 'வெஸ்ட்வேர்ல்ட்' நான்கு சீசனோடு நின்றது மட்டுமில்லை, அடுத்த மாதமே அதை வைத்திருந்த தளத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். வாடகை சிடி காலத்தில் கடைக்காரர் கதையைப் பாதியில் பிடுங்கினதில்லை. அதிகபட்சம் கீறல் விழுந்திருக்கும்.

வெற்றி பெற்ற தொடர் எதையும் தாங்கள் ரத்து செய்ததே இல்லை என்று 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர்களில் ஒருவரான டெட் சராண்டோஸ் ஒரு பேட்டியில் சொன்னார். செலவுக்கு ஏற்ற கூட்டம் வரவில்லையாம். ஐயா, கூட்டம் ஏன் வரவில்லை என்று எங்கள் அக்கா மகனைக் கேளுங்கள்.

அவன் தென்காசியில் படிக்கிறான். விண்கலக் கதை என்றால் சோறு வேண்டாம் அவனுக்கு. ஆனால் ஒரு தொடர் நன்றாயிருக்கிறது என்று நான் சொன்னால் முதல் கேள்வி, "முடிஞ்சிருச்சா மாமா?" கதை என்ன, யார் நடிப்பு, எதுவும் கேட்க மாட்டான். மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, எத்தனை சீசன், கடைசி சீசன் வந்ததா என்று மட்டும் பார்ப்பான். வரவில்லை என்றால், "முடியட்டும், பொறவு பாக்கேன்." அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாலு தடவை சூடுபட்டவன். அவனைப் போல ஆயிரம் பேர் ஒதுங்கி நிற்கிறார்கள். அங்கே ஓடிடிக்காரர்கள் முதல் சில வாரத்திலேயே எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைகிறது. வெட்டு. வெட்டியதைப் பார்த்து அடுத்த தொடருக்கு இன்னும் நூறு பேர் ஒதுங்குகிறார்கள். பிரானூர் பார்டரில் எந்தப் பரோட்டாக் கடைக்காரராவது, நாம் பிய்த்துப் போட்டுச் சால்னாவுக்குக் கை காட்டும் நேரத்தில் இலையை உருவுவாரா? உருவினால் மறுநாள் எவன் போவான்? போகவில்லை என்றால் அது நம் குற்றமா?

எங்கள் அம்மாவின் நக்கலைத்தான் தாங்க முடியவில்லை. 'கோலங்கள்' சீரியல் 2003இல் ஆரம்பித்து 2009இல் முடிந்தது, 1,500 எபிசோடுக்கு மேல். அம்மா ஒன்று விடாமல் பார்த்தவர். "எங்க அபிக்கு ஒரு முடிவு கெடச்சுது. ஒங் கப்பலு கரை சேந்துதாடே?" பதில் சொல்ல வாய் வரவில்லை.

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 'டெர்மினேட்டர்' 1984இல் வந்த கதை. அந்த எலும்புக்கூட்டுக்குப் பவுடர் போட்டுப் போட்டு 2019 வரைக்கும் ஆறு படம் எடுத்தார்கள். முதல் இரண்டும் தங்கம், மறுக்கவில்லை. மிச்ச நாலுக்கு யார் அழுதார்கள்? செத்த கதையை எழுப்பக் காசு உண்டு, உயிரோடு இருக்கிற கதையை முடிக்கக் கிடையாது.

ரசிகர்கள் சண்டை போட்டால் நடக்கும் என்பார்கள். நடந்திருக்கிறது. 1968இல் கடிதம் எழுதியே 'ஸ்டார் ட்ரெக்'குக்கு மூன்றாம் சீசன் வாங்கினார்கள். 2018இல் 'தி எக்ஸ்பேன்ஸ்' நின்றபோது, விமானத்தில் பேனர் கட்டி அமேசான் ஸ்டுடியோவுக்கு மேலே பறக்கவிட்டார்கள். அமேசான் எடுத்துக்கொண்டது, ஆறு சீசன் வந்தது. நான் எந்த விமானத்தில் பேனர் கட்ட? எங்கள் ஊர்க் கணக்கில் எட்டு வருஷம் என்பது பெரிய காத்திருப்பே இல்லை. செங்கோட்டை புனலூர் மீட்டர்கேஜ் ரயிலை 2010இல் நிறுத்தினார்கள், 2018இல் அகலப்பாதையில் அதே கண் பாலத்தின் மேல் ரயில் திரும்ப வந்தது. வரும் என்று தெரிந்தால் காத்திருப்போம். வரும், வராது என்று ஒருத்தராவது சொல்ல வேண்டாமா?

நேற்று ராத்திரி மருமகன் போன் செய்தான். "மாமா, புதுசா ஒண்ணு வந்திருக்கு. செவ்வாய்க் கிரகத்துக் கதை. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

"எத்தன சீசன்லே?"

"மொத சீசன்தான்."

"நீ பாத்துட்டுச் சொல்லு."

"இல்ல மாமா, நீங்க மொதல்ல."

கால் மணி நேரம் இதே பேச்சு. பிறகு அதை லிஸ்டில் போட்டுவிட்டு, இன்றைய பஸ்ஸுக்கு 'டார்க்' முதல் இரண்டு எபிசோடை டவுன்லோடு செய்தேன். மூன்றாம் தடவை.