கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தையும் கேளுங்கள்

விபத்தில் காலை இழந்தவர் நஷ்டஈடு கேட்கும்போது கோர்ட்டில் எதையும் விளக்க வேண்டியதில்லை. தலையில் அடிபட்டுப் பிழைத்தவரின் குடும்பம்தான் வாய் வலிக்க விளக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் உறவில் ஒருவர், லாரி மெக்கானிக். தாறுமாறாக வந்த வேன் இடித்துத் தலையில் அடி. தையல் ஆறி, முடி வளர்ந்து தழும்பும் மறைந்துவிட்டது. விபத்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். "நல்லாத்தானே பேசுறார்" என்பதையே வாதமாக வைத்தார்கள். அதே மனிதர் வீட்டில் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிடுவார். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி, எந்த நட்டைக் கழற்ற வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். அவரைத் தனியாக விட முடியாமல் அக்கா பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். நஷ்டஈடு மனுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆஸ்பத்திரி பில், வருமான இழப்பு, வலி வேதனை, அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரமே அதில்தான். அக்கா செய்வது பாசம் மட்டுமில்லை, முழுநேர வேலை. அதற்குக் கூலி கேட்பது பேராசையும் இல்லை.

2007ல் பெற்றோருடன் டிராக்டரில் போன 12 வயதுச் சிறுமி மேல் லாரி மோதிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020ல் இதைத்தான் சொன்னது. மூளைக் காயத்தால் அந்தப் பெண்ணின் நிலை ஒன்பது மாதக் குழந்தை அளவுக்குப் போய்விட்டது. தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம், உயர் நீதிமன்றம் சுமார் 25 லட்சம். உச்ச நீதிமன்றம் 62.27 லட்சமும் வட்டியும் கொடுத்தது. அதில் உதவியாளர் செலவு மட்டும் 21.60 லட்சம்: இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 10,000, வருஷத்துக்கு 12 மாதம், பெருக்கெண் (வயதைப் பார்த்து, எத்தனை வருஷத்துக்குக் கணக்கிடுவது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும் எண்) 18. ஏதோ ஒரு தொகையைக் குத்துமதிப்பாகப் போடாமல், வருமான இழப்பைப் போலவே இதையும் கணக்கிட்டார்கள். மாதம் 5,000க்கு இன்று ஆள் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் போன சதவீதமும் ஒன்றல்ல என்று 2010லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. மெக்கானிக்குக் கை கால் நன்றாக இருந்தும் ஞாபகம் போனால், தொழில் முழுசாகப் போனதுதான். ஆனால் அதை நிரூபிக்க ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது. ஞாபகம், கவனம், முடிவெடுக்கும் திறன் இவற்றை அளக்கும் நரம்பியல் உளவியல் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை செய்த டாக்டரையே சாட்சிக்கு அழையுங்கள். வீட்டில் நடப்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. ஐசியூ வாசலில் கிடக்கும் குடும்பத்துக்கு இது கொடுமையான கெடு. வக்கீலுக்குக் காசில்லையே என்று நாளைக் கடத்த வேண்டாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

அப்புறம் லோக் அதாலத், அதாவது வழக்கைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம். சமரசம் தப்பில்லை. ஆனால் எவ்வளவு தேறுவார் என்று டாக்டருக்கே தெளிவாகாத நேரத்தில், "இப்பவே செக் கிடைக்கும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே முடிந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது.