பீட்டில்ஸ் பிடிக்காதது மூளைக் குறை அல்ல

"பீட்டில்ஸை ரசிக்க முடியாதவர்களுக்கு மூளையில் குறை, விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது" என்று அந்த ஆங்கிலேய ராக் இசைக்குழுவைப் பற்றி மேலே உள்ள கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. ஆய்வு சொல்வதே வேறு.

பார்சலோனா ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, எந்த இசையிலுமே இன்பம் காணாதவர்களைப் பற்றியது. அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, மெட்டு சோகமா மகிழ்ச்சியா என்றும் தெரிகிறது. பணம் வெல்லும் விளையாட்டில் மற்றவர்களைப் போலவே உற்சாகம் கொள்கிறார்கள். ஆனால் இசை கேட்கும்போது மட்டும் அவர்களது இதயத் துடிப்பில்கூட அந்தச் சிலிர்ப்பு தெரிவதில்லை. ஒரு குழுவைப் பிடிக்காததற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

திருகோணமலையில் என் சித்தப்பா இருக்கிறார். கோணேசர் கோயில் திருவிழாவில் தவில் தனியாவர்த்தனம் தொடங்கினால் தூணில் விரலால் தாளம் போட்டபடி கடைசிவரை நிற்பார். வானொலியில் பீட்டில்ஸ் வந்தால் உடனே அணைத்துவிடுவார். அவருக்கா இசை உணர்வு இல்லை?

குவின்சி ஜோன்ஸையும் பாருங்கள். அமெரிக்க இசையின் பெரும் மேதை. பீட்டில்ஸ் வாசிப்பு மிக மோசம் என்று தோன்றியதாக 2018 பேட்டி ஒன்றில் சொன்னார். பேட்டியில் பேசிய சிலவற்றுக்காகப் பிறகு வருத்தம் தெரிவித்தார் என்பது வேறு விடயம். அவர் காதைக் குறை சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

பீட்டில்ஸ் எனக்கு உயிர். அதற்காக, பிடிக்காதவர்களை நோயாளிகள் என்று எழுதாதீர்கள். அந்த வரியை நீக்கிவிடுங்கள்.