செலவு எலியில இல்ல, சூட்டுல
வீட்ல பாம்பு வளர்க்கறதப் பத்தின கட்டுரையில "வாரம் ஒரு எலி போட்டா போதும், நாய் வளர்க்கறத விட செலவு கம்மி"ன்னு இருக்கறது பாதிதான் சரி, ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல எங்க வீட்ல ஒரு கோஸ்டல் கார்பெட் பைத்தான் (ஒரு வகை மலைப்பாம்பு) இருக்கு, எலிச் செலவு ஒரு செலவே இல்ல, பெருசானப்புறம் வாரா வாரம் கூட சாப்பாடு வேணாம், குளிர்காலத்துல சில ஆண் பாம்பு மாசக்கணக்குல எதையும் தொடாது, பயப்படாதீங்க. காசு போறது கூண்டுக்கும் அதச் சூடா வெச்சிருக்கறதுக்கும்தான். கூண்டுல ஒரு மூலை 32 டிகிரி செல்சியஸ் கிட்ட, மறு மூலை 24, 25 இருக்கணும், அதுக்கு தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானா கட்டுப்படுத்தற கருவி) கண்டிப்பா வேணும், சூடு குடுக்கற பல்பைச் சுத்தி கம்பி வலை இல்லேன்னா பாம்பு அதுமேலயே சுத்திக்கிட்டு தோல் வெந்துரும். இப்ப குட்டியா இருக்குன்னு சின்ன டேங்க் வாங்கிறாதீங்க, இது 2 மீட்டருக்கு மேல போற ஜாதி, மரம் ஏறுற ஜாதி, உயரமும் வேணும். சாதாரண வெட் (மிருக டாக்டர்) நிறைய பேர் பாம்பு பார்க்க மாட்டாங்க, ஊர்ல பாம்பு, பல்லி பார்க்கற ரெப்டைல் வெட் இருக்காரான்னு முதல்லயே விசாரிங்க. லைசென்ஸ் பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்ல, பிரிஸ்பேன் இருக்கற குயின்ஸ்லாந்து மாநிலத்துல அது இல்லாம வெச்சிருக்கவே கூடாது, தோட்டத்துல வந்தத பிடிச்சு வளர்க்கறதும் குத்தம். மேல கமெண்ட்ல ஒருத்தர் உயிரோட எலி விடலாமான்னு கேட்டிருக்கார், வேணாம் சார், எலி திருப்பிக் கடிச்சா பாம்புக்குத்தான் காயம், ஃப்ரோசன் எலிய வாங்கி ஐஸ் விட்டதும் வெந்நீர்ல வெதுவெதுப்பாக்கி டாங்ஸ்ல (இடுக்கியில) புடிச்சு கொடுங்க. அந்த எலி உங்க ஃப்ரீசர்லதான் இருக்கும், அத வீட்ல ஒத்துக்குவாங்களான்னு கேட்டுட்டு, 20 வருஷம் வாழற ஜீவன்ங்கறதையும் சொல்லிட்டு, அப்புறம் வாங்குங்க.